டெலியா கிரப்ஸ் பெயரில் ஒரு கைது

டெலியா கிரப்ஸ் கதவைத் தட்டவில்லை. தள்ளிக்கொண்டு வந்து மேசைமேல் ஒரு காகிதத்தை அறைந்தாள்.

"நான் ஜெயிலுக்குப் போனேனாம். மருந்துக் கடையில மாத்திரை திருடினேனாம். படிங்க!"

கிளைட் ஹாஸ்கின்ஸ் காப்பிக் கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு நிதானமாகப் படித்தார். மார்வாவுக்கு எரிச்சலூட்டுவது அந்த நிதானம்தான். ஒஹையோவின் அந்தச் சின்ன ஊரில் அவருடைய துப்பறியும் தொழிலில் பல வருடமாகக் கூட்டாளி அவள். பொறுமையை மட்டும் அவரிடமிருந்து கற்கவில்லை.

டெலியா ஆறு வருடமாக முதியோர் இல்லமொன்றில் பணிவிடை செய்து வந்தவள். அதன் மேலாளர் திருமதி ஃபென்விக், ஊழியர்களின் பின்னணியை விசாரித்து விற்கும் ஒரு நிறுவனத்திடம் அறிக்கை வாங்கியிருந்தாள். மார்ச் மாதம் டெலியா கிரப்ஸ் மருந்து திருடிப் பிடிபட்டு, மாவட்டச் சிறையில் ஓர் இரவு இருந்ததாக அதில் இருந்தது. வீட்டு முகவரியும் அவளுடையதே. அறிக்கை வந்த அன்றே வேலை போயிற்று.

"நான் இல்லன்னு கத்தினேன். 'கம்ப்யூட்டர் சொல்லுதே'ன்னு வாசலைக் காட்டினா அந்தம்மா, எல்லார் முன்னாடியும்."

"யார் மேல சந்தேகம்?" என்றார் கிளைட்.

"என் அக்கா வெர்னா. ஒரு காலத்துல மாத்திரைக்கு அடிமையா கெடந்தவ. என்னோடதான் இருந்தா. நேத்து அவ பையெல்லாம் தெருவுல தூக்கிப் போட்டுட்டேன்."

தன் ஓட்டுநர் உரிமத்தின் நகலைக் கொடுத்துவிட்டு டெலியா போனாள்.

"அக்காதான். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் மார்வா.

"முதல்ல தேடுவோம்." கிளைட் கணினியில் மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரிஃபின் கைதிகள் பக்கத்தைத் திறந்தார். "இது யார் வேணும்னாலும் பாக்கலாம். இலவசம்."

உரிமத்தில் இருந்தபடி பெயரையும், டிசம்பர் 25 என்ற பிறந்த தேதியையும் அடித்தார். ஒன்றும் வரவில்லை.

"யோவ், ஒண்ணுமே இல்லையே!"

அவர் தேதியை அழித்துவிட்டுப் பெயரை மட்டும் விட்டார். மார்ச் கைது வந்தது. அதே முகவரி, அதே பிறந்த வருடம். ஆனால் பிறந்த நாள் ஜூன் 25.

"கையில அடையாள அட்டை இல்லாம பிடிபட்டிருக்கா. வாயால சொன்னத எழுதிக்கிட்டாங்க. கைரேகையப் பொருத்திப் பாக்க யாருக்கும் நேரமில்ல. அறிக்கை வித்தவங்க வருஷம் ஒத்துப்போனதும் போதும்னு விட்டுட்டாங்க."

"ஆறு மாசம் தள்ளி நிக்குது! இதுக்கு ஒரு பொம்பள பொழப்பு போகணுமா? குருட்டுக் கூட்டம்! சரி, பிடிபட்டவ படம் எங்க?"

"ஆளை வெளிய விட்டதும் படத்தை இங்கிருந்து எடுத்துடுவாங்க. ஷெரிஃப் ஆபீஸ்ல இருக்கும். எழுதிக் கேட்டா கொடுப்பாங்க." கிளைட் எழுதத் தொடங்கினார்.

அன்று மதியம் இருவரும் முதியோர் இல்லத்துக்குப் போனார்கள். ஊழியர் அறைச் சுவரில் ஒரு புகைப்படம். காகிதத் தொப்பியோடு டெலியா, முன்னால் ஸ்ட்ராபெர்ரி கேக். சுற்றிலும் எல்லோரும் அரைக்கைச் சட்டையில். ஜன்னலுக்கு வெளியே பச்சைப் புல்.

"அவ பிறந்த நாள்" என்றாள் கூட வேலை செய்யும் கோலீன். "வருஷா வருஷம் நான்தான் கேக் வாங்குவேன். பாவம், நல்லவ. அவ வீட்டுக்குப் போறப்பல்லாம் பாத்திருக்கேன், அந்த அக்காக்காரிதான் சரியில்ல."

கிளைட் அந்தப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

இரண்டு நாள் கழித்து அதே அறைக்கு எல்லோரையும் வரவழைத்தார். வெர்னா தன் பைகளோடு கதவோரம் நின்றாள். டெலியா அவள் பக்கம் திரும்பவே இல்லை. கிளைட் மேசைமேல் ஒட்டிய உறை ஒன்றை வைத்தார்.

"பிடிபட்டவளுக்கு டெலியா பேர் தெரியும், முகவரி தெரியும். பிறந்த நாள் மட்டும் தப்பு. போலீஸை நம்ப வைக்கணும்னா, சரியான தேதி தெரிஞ்சவ அதையேதான் சொல்லுவா. மேடம் கிட்ட டெலியா உரிமத்தோட நகல் இருக்கு, அவங்களுக்கும் சரியான தேதி தெரியும். வெர்னா, தங்கச்சி என்னிக்குப் பொறந்தா?"

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு. பனி கொட்டுச்சு. பண்டிகையில புள்ளையோட நாளை யாரும் கண்டுக்கறதில்லன்னு அம்மா கேக்கை ஜூனுக்கு மாத்திட்டாங்க. இருபத்தஞ்சாம் தேதிதான், மாசம் மட்டும் வேற."

"ஆக, கேக் சாப்பிட்டவங்களுக்கு ஜூன். கூடப் பொறந்தவளுக்கு டிசம்பர். கேக்கை மட்டும் பாத்தவ, முகவரியும் தெரிஞ்சவ, இங்க யாரு?"

எல்லோருடைய கண்ணும் சுவரிலிருந்த படத்துக்குப் போய், அங்கிருந்து கோலீனிடம் வந்து நின்றது. கிளைட் உறையைப் பிரித்தார். சிறைச் சுவரின் முன் எடுத்த படம். கலைந்த தலையோடு கோலீன்.

கோலீன் அழுதாள். "தெரிஞ்சா இங்க வேலை போயிடும்னு பயந்துட்டேன்டி. உன் பேரு சுத்தமா இருந்துச்சு..."

"இருந்துச்சு" என்றாள் டெலியா.

திருமதி ஃபென்விக் தொண்டையைச் செருமினாள். "சரி டெலியா, திங்கக்கிழமை வந்துடு. நடந்தத மறந்துடலாம்."

டெலியா அந்தச் சிறைப் படத்தை எடுத்து ஃபென்விக்கின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "பாருங்க மேடம்."

"பாத்துட்டேன்."

"இல்ல, நல்லா பாருங்க. ஆறு வருஷமா என் மூஞ்சி உங்களுக்குத் தெரியும். ஒரு விண்ணப்பம் எழுதியிருந்தா இது உங்க கைக்கு வந்திருக்கும். நீங்க பாக்கல. வரேன், ஆனா எல்லார் முன்னாடியும் அனுப்பின மாதிரி எல்லார் முன்னாடியும் கூப்பிடணும்."

ஃபென்விக்கின் முகம் சிவந்தது. சம்மதமாகத் தலை மட்டும் மெல்ல அசைந்தது.

டெலியா படத்தை மேசைமேல் வீசிவிட்டுக் கதவோரம் போனாள். அக்காவின் பெரிய பையைக் குனிந்து எடுத்தாள்.

வெர்னா அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"தொடாத. நீயும்தான் பாக்கல."

ஏதாவது சொல்ல வாயெடுத்த மார்வா, 'அக்காதான்' என்று தான் முதலில் சொன்னது நினைவுக்கு வர, வாயை மூடிக்கொண்டாள்.