மஞ்சள் கோடு

போன் அலறியது.

நாகல் நகர் டயர் கடை முதலாளி முகேஷ்குமார் உடனே எடுக்கவில்லை. காலையிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தான். ஆறு தடவை அடிக்கவிட்டு எடுத்தான்.

தாலுகா ஸ்டேஷன் ஏட்டு பேசினார். சிறுமலை ரோடு... பதினோராவது கொண்டை ஊசி வளைவு... மழை. கார் வழுக்கிப் பள்ளத்தில் உருண்டுவிட்டது. ஓட்டிப்போன முத்துக்கிருஷ்ணன் அங்கேயே செத்துவிட்டார். முகேஷின் மனைவி கௌசல்யாவுக்குக் கூடப் பிறந்த அண்ணன். நாலு டயரும் மொட்டை.

"வண்டி உங்க கடைக்குக் கடைசியா எப்ப வந்துச்சு?"

"ஆறு மாசமாச்சுங்க. டயரை மாத்துங்க மச்சான்னு தலையில அடிச்சுக்கிட்டேன்..."

குரலை உடையவைத்தான். நன்றாகவே உடைந்தது.

பச்சைப் பொய்!

முந்தின நாள் அந்தக் கார் இதே கடையில்தான் நின்றது. வேலையாட்களை டீக்கு அனுப்பிவிட்டு, நல்ல டயர் நாலையும் கழற்றி, மொட்டை நாலை மாட்டிவிட்டான். முத்துக்கிருஷ்ணனுக்கு டயர் வட்டமாக இருந்தால் போதும். குனிந்துகூடப் பார்க்கமாட்டார்.

ஆனால் ஒட்டன்சத்திரத்தில் முகேஷ் வைத்திருந்த இன்னொரு குடும்பத்தை மட்டும் பார்த்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியிடம் சொல்வதாக இருந்தார்.

இனிச் சொல்லமாட்டார்.

மறுநாளே கடையைத் திறந்துவிட்டான். சாவு வீட்டில் மூன்று மணி நேரம் அழுதது போதாதா?

ஆட்டோவில் ஒரு பெண் வந்திறங்கினாள். நூல் சேலை, கையில் துணிப்பை. பழைய சின்னக் காருக்கு எந்த பிராண்ட் டயர் நல்லது என்று கேட்டாள். முகேஷ் அவள் செருப்பைப் பார்த்தான். அதற்கு மேல் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

"மார்க்கெட்டுக்குப் போற வண்டிக்கு உள்ளூர் பிராண்டு போதும்மா. கல்லு மாதிரி, லேசுல தேயாது. அந்த ஜப்பான், பிரெஞ்சு ஸ்போர்ட்ஸ் டயரு வளைவுல ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். சீக்கிரம் தேஞ்சும் போகும். அதெல்லாம் ஓட்டத் தெரிஞ்சவனுக்கு. உங்களைச் சாதா டயரே கொண்டுபோய்ச் சேர்த்துரும்."

அவள் பணிவாகத் தலையாட்டினாள். பிறகு செல்போனை நீட்டினாள்.

ஒரு சக்கரத்தின் உள்பக்கம். சக்கரம் அதிராமல் ஓட, பேலன்சிங்குக்கு ஒட்டிய ஈயக்கட்டிகள். அவற்றின் குறுக்கே ஒரு மஞ்சள் கோடு.

"பழனி ரோட்டுக் கடையில பண்ணதாம். திண்டுக்கல்லயே அவுக வேலைதான் சுத்தம்ங்கிறாங்க. அங்கேயே போயிரட்டுமா?"

முகேஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவனுக்கு ஜாக்கி வைக்கவே தெரியாதும்மா! இது என் வேலை. கட்டி நகந்தாத் தெரியணும்னு மஞ்சக் கோடு இழுப்பேன். ஊர்லயே நான் ஒருத்தன்தான். பெயிண்டு மங்கவே இல்ல பாருங்க... போட்டு மூணு நாளுகூட இருக்காது."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"பத்திரத்துலயே எழுதித் தாரேன்."

அவள் அடுத்த படத்தைத் தள்ளினாள்.

அதே சக்கரம், முழுசாக. அதில் மொட்டை டயர். பின்னால் கவிழ்ந்து கிடந்த கார்... முத்துக்கிருஷ்ணனின் நம்பர் பிளேட்!

முகேஷுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆளைக் கொல்ல மாட்டிய டயருக்கும் பழக்கதோஷத்தில் பேலன்சிங் செய்து, கோடும் இழுத்திருக்கிறான்!

"நான் இன்ஸ்பெக்டர் புவனேஸ்வரி. ஆறு மாசமா வராத வண்டியில மூணு நாள் பெயிண்டு எப்படி வந்துச்சுன்னு ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க."

தெருமுனையில் நின்ற ஜீப் கடை வாசலுக்கு வந்தது. முகேஷ் அப்போதும் அதன் டயரைத்தான் பார்த்தான்.

புவனேஸ்வரி பின்கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க. சாதா டயர்தான்... ஜெயிலு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துரும்."