பன்னிரண்டு காலடி அறை

போனில் கபாசோவின் காலடிச் சத்தம் இன்னும் நிற்கவில்லை என்பதை நோம்சா கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தாள்.

கிட்வே நகரத்தின் அந்தச் சுரங்க அலுவலகத்தில் சர்வர் அறை கதவிலிருந்து பின்சுவர் வரை பன்னிரண்டே காலடி. உள்ளே எல்லா மெஷினும் அச்சு அசல் ஒரே முகம். ஒட்டிய எண்களோ என்றோ மாறிப்போய்விட்டன. அதனால் பழுதான மெஷினைக் காட்ட, வெளியே மேஜையில் இருப்பவள் மெனுவில் ஒரு வரியைத் தட்டி நீல விளக்கை எரியவிடுவாள், உள்ளே இருப்பவன் எண்ணைப் பார்க்காமல் நீலம் தெரியும் இடத்துக்குப் போவான். மெஷின் அணைந்து கிடந்தாலும் அதற்குள் ஒரு குட்டிச் சிப் விழித்திருந்து அந்த மெனுவுக்குப் பதில் சொல்லும். கதவைத் திறக்க ஒரே அட்டை, அது அவள் கழுத்தில். வெளியே வர மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு தட்டு.

"எலி தின்னி, விளக்கைப் போடேன்டி!" என்று சற்றுமுன் உள்ளேயிருந்து கபாசோ போனில் கத்தியிருந்தான். பெம்பா இனத்துக்காரன் ங்கோனி இனத்துக்காரியைக் கேலியாக அப்படித்தான் கூப்பிடுவான், அவளும் திருப்பிக் கொடுப்பாள்.

"போட்டாச்சுடா, குரங்கு தின்னி. எரியுதா?"

"எரியுது. கடைசி வரிசைக்குப் பின்னாடி."

கடைசி வரிசைக்குப் பின்னால் சுவர்தான். நோம்சா திரையைப் பார்த்தாள். அவசரத்தில் அவள் தட்டியிருந்தது ஜூனில் பழைய இரும்புக்குப் போன மெஷினின் வரி. யாரும் அதைப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. பக்கத்தில் 'எரிகிறது' என்று இருந்தது.

"கபாசோ, திரும்பி வா."

"இரு, கிட்டத்தான் இருக்கு."

ஜெனரேட்டர் உறுமலுக்கும் யாரோ சூடாக்கிய மீன் வாசனைக்கும் நடுவே அவள் போனைக் காதில் அழுத்திக்கொண்டு அடிகளை எண்ணினாள். முப்பது. நாற்பது. பின்னணியில் மெஷின் விசிறிகளின் இரைச்சல் இல்லை.

"இங்க ஈர மண்ணு வாசனை அடிக்குது, நோம்சா."

அவனுக்குப் போன ஞாயிறுதான் பெண் குழந்தை பிறந்தது. அவள் அந்த வரியை அணைத்தாள்.

"ஏய்! அணைக்காதடி! அத வச்சுத்தானே வழி தெரியுது!"

மறுபடி தட்டினாள். எரியவில்லை. பதறிப்போய்ப் பட்டியலில் இருந்த எல்லா வரியையும் தட்டினாள். கதவின் சின்னக் கண்ணாடி நீலமானது.

"தெரியுதா? அதப் பாத்து வா!"

போனைக் காதில் வைத்தபடியே கதவைப் பார்த்தாள்.

பிறகு கதவுக்குப் பின்னால் காலடி. மெதுவாக. நெருங்கி. நின்றது.

தட். தட். தட்.

தட்.

"வந்துட்டியா!" ஓடினாள். அட்டையை வைத்தாள். பூட்டு திறந்த சத்தம் கேட்டது.

போனில் கபாசோவின் குரல். வெகு தூரத்தில்.

"எலி தின்னி... நீலம் இப்பத்தான் தெரியுது. நான் இன்னும் நடந்துகிட்டுத்தான் இருக்கேன். யாருக்குடி கதவைத் திறந்த?"

கண்ணாடியில் நீலம் மறைந்தது. ஈர மண் வாசனை. கைப்பிடி கீழே இறங்கியது.