வெண்சாமரனின் வாசகர்கள்

நாடிப்பலகை வீட்டுக்கு வரும் முன்பே அதில் எதையெல்லாம் படிப்பது என்று மோகனசுந்தரம் முடிவு செய்துவிட்டிருந்தார். தத்துவத்துக்கு ஒரு காலாண்டிதழ், தொல்லியலுக்கு ஒன்று, மொழிபெயர்ப்புக் கவிதைக்கு ஒன்று. செயலி என்றால் ஓர் அகராதியும் ஒரு விண்மீன் வரைபடமும் போதும். மிச்சமெல்லாம் குப்பை. அந்தக் குப்பையைத்தான் ஒரு வாரமாக அவர் கிளறிக்கொண்டிருந்தார். பழைய கைப்பலகையில் இதழ் இதழாகத் திறந்து, இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்து, உதட்டைச் சுழித்து மூடுவார். உடனே அடுத்ததைத் திறப்பார்.

"தூங்க வைக்க ஒரு செயலி. எழுப்பி விட ஒண்ணு. மூச்சு விடறதுக்குக்கூட ஒண்ணு வெச்சிருக்கான் பாரு" என்றார் மனைவியிடம்.

"மூச்சுப் பயிற்சிங்க அது. என்கிட்டேயும் இருக்கு" என்றாள் சிந்துஜா.

"உன்கிட்ட இல்லாம இருக்குமா?"

சிந்துஜா துவைத்த துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

அந்த ஆண்டு கோயமுத்தூரே நாடிப்பலகைக்காகக் காத்திருந்தது. பழைய பலகையில் வேண்டியதை நாம் தேட வேண்டும். புதியதில் அந்த வேலை கிடையாது. அதைப் பிடித்திருக்கும் விரல்நுனியில் நாடித் துடிப்பையும், எதிரே இருக்கும் கண்ணில் கருவிழி விரிவதையும் ஓயாமல் அளந்து, இந்த ஆளுக்கு எதில் இன்பம் என்று பலகையே கண்டுகொள்ளும். கண்டதை வைத்து விடிந்ததும் அவருக்கென்று ஓர் இதழை ஆக்கித் தரும். தன்னிதழ் என்று அதற்குப் பெயர். அதில் சிலவற்றை மனிதர்கள் எழுதியிருப்பார்கள், மற்றவற்றைப் பலகை எழுதியிருக்கும். எது யார் எழுதியது என்று போடுவதில்லை. யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

சரவணம்பட்டியில் அவர்கள் குடியிருந்த அடுக்ககத்தில் முதலில் வாங்கியவர் எதிர்வீட்டு லோகேஷ். அவருடைய தன்னிதழில் பழைய கிரிக்கெட் ஆட்டங்கள் வந்தன. இந்தியா தோற்ற ஆட்டங்களை எல்லாம் ஜெயித்ததாக மாற்றி, பந்துக்குப் பந்து வருணித்து எழுதியிருந்தது பலகை. லோகேஷ் அதைப் படித்துக் கண்கலங்கினார் என்று மின்தூக்கியில் யாரோ சொன்னார்கள்.

"உள்ளே இருக்கறதைத்தானே அது வெளியே எடுக்கும்" என்று மோகனசுந்தரம் அன்று வீட்டுக்கு வந்து சொன்னார். "லோகேஷுக்குள்ளே அவ்வளவுதான் இருந்திருக்கு. நம்மகிட்ட வரட்டும், அந்தப் பலகைக்கே ஒரு மரியாதை வரும்."

அவர் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். நெடுங்காலம் மின்னிதழ்களில் மதிப்புரை எழுதினார். பாராட்டி எழுதிய மதிப்புரை ஒன்றுகூட இல்லை. நாளடைவில் ஆசிரியர்கள் அவரிடம் கேட்பதை நிறுத்தினார்கள். படிக்கத் தெரிந்தவன் இல்லாத ஊரில் எழுதி என்ன பயன் என்று அவரும் நிறுத்தினார். அதன்பின் அவருடைய மதிப்புரைகளைக் கேட்க மிஞ்சியிருந்தது சிந்துஜா மட்டும்தான்.

"எனக்கும் ஒண்ணு சொல்லிருங்க" என்று சிந்துஜா கேட்டிருந்தாள்.

"உனக்கெதுக்கு? ரசப்பொடிக்கு அளவு சொல்றதுக்கா?" என்றாலும், இரண்டாகவே சொல்லி வைத்தார்.

ஒரு காலையில் பறக்கும் பெட்டி பால்கனியில் இறங்கி, பொதியை வைத்துவிட்டுப் போனது. முதல் சில நாள் பலகை ஆளைக் கற்றுக்கொள்ளும் காலம். மோகனசுந்தரம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து தத்துவம் படித்தார், தொல்லியல் படித்தார். நடுநடுவே, ஒரு மாறுதலுக்காக, பலகை நீட்டிய மட்டமான சரக்குகளையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு முதல் தன்னிதழ் வந்தது.

முதல் பக்கத்தில் நிலாவை ஐஸ்கிரீமாக்கிக் காதலிக்கு ஊட்டும் ஒரு கவிதை. அடுத்து, தன் வெற்றிக்கெல்லாம் இடது கையால் பல் துலக்கியதே காரணம் என்று சொன்ன தொழிலதிபரின் பேட்டி. பிறகு இன்மொழியன் என்பவரின் பத்தி. சிக்னலில் சிவப்பு விளக்கு விழும்போதெல்லாம் அவருக்கு மனம் நிறைகிறதாம், நகரமே தன்னை ஓய்வெடுக்கச் சொல்வதுபோல் இருக்கிறதாம். கடைசிப் பக்கம்வரை இதே தரம்.

மோகனசுந்தரம் கொதித்துப்போய் நிறுவனத்தின் உதவி மையத்தை அழைத்தார். மிருதுளா என்ற பெண் எடுத்தாள்.

"வேற யாரோட இதழையோ எனக்கு அனுப்பிட்டீங்கம்மா. நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"உங்க பதிவைத்தான் சார் பாத்துட்டு இருக்கேன். தப்பு எதுவும் நடக்கலீங்க. தத்துவக் கட்டுரையில ரெண்டு பத்தி தாண்டலை, அதுக்குள்ள உங்க நாடி இறங்கிருச்சு. பலகை அதைத் தூக்கம்னு குறிச்சிருக்கு. தொல்லியலுக்கும் அதேதான். நிலாக் கவிதையை மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சிருக்கீங்க."

"எவ்வளவு கேவலமா எழுதியிருக்கான்னு பாக்கப் படிச்சேன்."

"அதுதாங்க சார் விஷயம். அப்பத்தான் உங்க கருவிழி நல்லா விரிஞ்சிருக்கு. இதுக்குன்னே தனி வகை வெச்சிருக்கோம். இகழ்ச்சிச்சுவைன்னு பேரு. நீங்க சங்கடப்பட வேண்டியதில்ல சார், உங்களை மாதிரி நிறையப் பேர் இருக்காங்க."

மற்றதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அந்த 'நிறையப் பேர்' என்ற சொல்தான் சுட்டது. பலகையைத் திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவு செய்து அதைப் பெட்டிக்குள் வைத்தார். மறுநாள் காலை, அனுப்புவதற்கு முன்னால் அந்த இன்மொழியன் இன்று என்ன உளறியிருக்கிறான் என்று மட்டும் பார்த்துவிடலாம் என்று வெளியே எடுத்தார்.

இன்மொழியன் அன்று கொசுவைப் புகழ்ந்திருந்தார். நம்மைத் தேடி வரும் ஒரே விருந்தாளி அதுவாம்.

மோகனசுந்தரத்துக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தின் அடியில் மறுமொழி எழுத இடம் இருந்தது. உட்கார்ந்து எழுதினார். இன்மொழியனில் தொடங்கி, அவனைப் படிக்கும் மந்தை, அந்த மந்தையை வளர்த்த வீடுகள், அந்த வீடுகளில் சமைத்துப்போட்டுக்கொண்டு பலகையில் கோலம் தேடும் பெண்கள் என்று ஒருவரையும் விடவில்லை. முடித்துவிட்டுப் பார்த்தால் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. நல்ல பசி.

அதன்பின் நாள் தவறாமல் எழுதினார். இன்மொழியனும் சளைக்கவில்லை. நேற்று அடித்த அடியை வாங்கிக்கொண்டு, இன்று அதைவிட அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டு வந்து நின்றார். மோகனசுந்தரத்தின் நடையில் ஒரு விறைப்பு வந்தது. லோகேஷைப் பார்த்தால் வணக்கம்கூடச் சொன்னார்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு பிற்பகலில் மிருதுளாவே அழைத்தாள்.

"சார், உங்க மறுமொழிகளை நாங்க மத்தவங்க தன்னிதழ்ல போட்டுட்டு வர்றோம். ஒப்புதல் தந்திருந்தீங்க, ஞாபகம் இருக்கலாம். வெண்சாமரன்னு ஒரு பேர்ல தனிப் பத்தியா வருது. இப்ப லட்சம் பேருக்கு மேல படிக்கறாங்க சார். தமிழ்ல இப்போதைக்கு உங்க அளவுக்கு யாரையும் படிக்கறதில்ல."

மோகனசுந்தரம் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். லட்சம் பேர். ஆயுள் முழுக்க அவர் தகுதியில்லை என்று ஒதுக்கிய ஊர் அவரைத் தேடி வந்திருக்கிறது. சிந்துஜாவைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைத்தவர், பேச்சோடு பேச்சாக ஒன்றைக் கேட்டார்.

"எந்த வகையில போடறீங்கம்மா? சிந்தனையா, விமரிசனமா?"

அவள் சற்றுத் தயங்கினாள். "இகழ்ச்சிச்சுவையிலதாங்க சார்."

"நல்லது. என்கூடச் சேர்ந்து அந்த இன்மொழியனைப் பாத்துச் சிரிக்கத் தெரிஞ்சவங்க அத்தனை பேர் இருக்காங்கன்னு அர்த்தம்."

"இல்லீங்க சார். அவங்க இதழ்ல இன்மொழியன் கிடையாது. அவர் உங்களுக்காகப் பலகை எழுதற ஆளு. உங்களுக்கு மட்டுந்தான் வருவார். அவங்களுக்கு நீங்க மட்டும்தான் போறீங்க."

மோகனசுந்தரம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அப்ப அவங்க யாரைப் பாத்து..."

"நிறுத்திராதீங்க சார்" என்றாள் மிருதுளா கெஞ்சுகிற குரலில். "நீங்க இல்லைன்னா நிறையப் பேருக்குப் பொழுதே விடியாது."

அன்று அவர் சாப்பிடவில்லை. தலைவலி என்று சிந்துஜாவிடம் சொன்னார். லட்சம் பேர் விடிந்ததும் விரலைப் பலகையில் வைத்து, அவர் எழுதியதைப் படித்து, உதட்டைச் சுழித்து, மறுபடி முதலிலிருந்து படிக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒரு சொல் எழுதித் தீர்க்கலாம் என்றால், அந்தச் சொல்லையும் அவர்களே படித்துக் களிப்பார்கள். இனி எழுதுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு படுத்தார்.

காலையில் சமையலறையிலிருந்து வந்த சிரிப்புச் சத்தத்தில் கண்விழித்தார். சிந்துஜா இப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. எழுந்து போனார். அவள் சாப்பாட்டு மேசையில் தன் பலகையோடு உட்கார்ந்திருந்தாள். எதிரே காப்பி ஆறிப்போயிருந்தது.

"ஏனுங்க, இந்தாளைக் கேளுங்களேன்" என்றாள். "'ரசனை என்பது பிறவியிலேயே அமைய வேண்டும். என் கூரையின் கீழேயே அதை ஓர் உயிருக்குப் புகட்டப் பார்த்தேன். கல்லில் நெல் விதைத்தவன் நான்.' வெண்சாமரன்னு பேராம். பேரைப் பாருங்க. தினமும் இவரைத்தான் மொதல்ல படிப்பேன்."

மோகனசுந்தரம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "தினமுமா?"

"பலகை வந்து கொஞ்ச நாள்லேர்ந்தே வர்றாருங்க. அந்தாளைக் கட்டிக்கிட்டவ யாரோ, பாவம். ஆனா படிக்கப் படிக்க மனசு அப்படி லேசாகுது. இத்தனை வருசத்துல இப்படி ஒண்ணை நான் படிச்சதில்ல."

உண்மையைச் சொல்லிவிடத்தான் அவர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். குரலைத் தடிப்பாக்கி, கழுத்தை நிமிர்த்தி, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திப் படித்தாள். எழுதும்போது முத்தாகத் தெரிந்த வரி. அவள் வாயில் அது எவ்வளவு ஊதிப்போனது, எவ்வளவு அற்பமானது என்று அவருக்கு முதல்முறையாகக் கேட்டது. இந்த மடையனுக்கு எத்தனை நினைப்பு என்று தோன்றியது. தோன்றிய கணமே, அடக்க அடக்க, அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சிந்துஜா வியப்போடு நிமிர்ந்து பார்த்தாள். அவள் படித்ததைக் கேட்டு அவர் சிரிப்பது அதுதான் முதல்முறை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நல்லாருக்குதுங்களா?"

"சகிக்கலை" என்றார் அவர், உட்கார்ந்தபடி. "இன்னும் கொஞ்சம் படி."

கடைசி வரிவரை படித்தாள். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பலகையை மூடிவைத்துவிட்டு, ஆறிய காப்பியைச் சூடு பண்ண எழுந்தவள் கேட்டாள்:

"நாளைக்கும் எழுதுவாரில்லீங்க?"

"எழுதுவான்" என்றார் மோகனசுந்தரம்.