பதினோரு நொடி

படகுத்துறையில் அவரைக் காதுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். திருப்புளியின் முனையைக் குழாயில் வைத்துக் கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டாரென்றால், எந்த மூட்டில் தண்ணீர் கசிகிறது என்று சொல்லிவிடுவார். மனைவி பேசுவது மட்டும் அந்தக் காதில் விழாது என்பது வீட்டில் தீராத புகார்.

அன்று மதியம் அவர் ஏறியது மச்சானின் படகில். மனைவியின் தம்பி. ஆசைப்பட்டு ஒரு பழைய படகை வாங்கி, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மறுநாளே பெண்டாட்டியோடு அதில் குடியேறப் போகிறான். நாள்கணக்கில் கடலில் கிடக்கப் போகிறவர்களுக்கு நல்ல தண்ணீர்த் தொட்டிதான் உயிர். அந்தத் தொட்டியில் தினமும் இரண்டு வாளி குறைந்துகொண்டிருந்தது.

"எல்லாக் குழாயும் மூடித்தான் இருக்கு மாமா. ஆனா பம்ப் தன்னால ஓடுது."

"தன்னால எதுவும் ஓடாது மச்சான். எங்கயோ தண்ணி வெளிய போகுது, அதான் ஓடுது. நீ போய் மிச்ச சாமானை எடுத்துட்டு வா. வர்றதுக்குள்ள புடிச்சுடறேன்."

மச்சான் போனதும் தரைப் பலகைகளைப் பெயர்த்தார். கசிவு இருக்கும் படகில் அடித்தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கும். விரலைத் தொட்டு நாக்கில் வைத்தால் விஷயம் தெரிந்துவிடும். உப்புக் கரித்தால் கடல், இல்லையென்றால் தொட்டி. இங்கே தொட்டுப் பார்க்கத் தண்ணீரே இல்லை. விரலில் தூசிதான் ஒட்டியது. ஒவ்வொரு மூட்டுக்கு அடியிலும் செய்தித்தாள் துண்டு வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தார். எல்லாத் துண்டுகளும் வைத்தபடியே மொறமொறவென்று இருந்தன.

அப்போது பம்ப் இன்னொரு முறை ஓடியது.

கசிவு என்றால் பம்ப் ஒரு நொடி, இரண்டு நொடி இருமிவிட்டு நிற்கும். இது நிதானமாக ஓடியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு நொடி. கால் மணி கழித்து மறுபடியும் பதினோரு நொடி. ஏதோ தோன்ற, சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் நிறையப் பிடித்து, அதற்குப் பம்ப் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பார்த்தார்.

பதினோரு நொடி.

அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. யாரோ டம்ளர் டம்ளராகக் குடிக்கிறார்களாக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்துக் குழாயாக அடைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் மாட்டியது முன்பக்கம் போகும் குழாய். ஆனால் முன்பக்கத்தில் குழாய்க்கு வேலையே இல்லை. அங்கே இருப்பது ஒரு கட்டில், அதற்கடியில் மல்லாந்து நுழையும் அளவுக்கு ஒரு பொந்து.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நுழைந்தார். மூக்குக்கு நாலு விரல் மேலே பலகை. உள்ளே ஒரு நாற்றம். அழுகல் இல்லை, எண்ணெய் இல்லை. பல நாள் தண்ணீர் படாத வாயின் நாற்றம்.

பொந்தின் கடைசியில் ஒரு வால்வு. அதைத் தாண்டி ஒரு சாண் குழாய், பலகைகளுக்கு நடுவே இருந்த இடுக்குக்குள் போய் வாய் திறந்தபடி முடிந்தது. மூடியில்லை, ஒன்றுமில்லை. வால்வோ முழுக்கத் திறந்து கிடந்தது. அதன் கைப்பிடியை யாரும் திருப்ப முடியாதபடி கட்டியிருந்தார்கள். ஒரு கட்டு செம்புக் கம்பியில். அதன்மேல் ஒன்று நைலான் கயிற்றில். அதற்கும் மேலே கிழிந்த துணியில். மூன்று பேர், மூன்று காலத்தில் போட்ட கட்டுகள்.

"நல்லா பார்த்தானுங்கடா வேலை," என்று டார்ச்சைக் கடித்தபடியே திட்டினார். மூன்றையும் வெட்டி எறிந்தார். வால்வை இறுக்கி மூடினார்.

கால்மாட்டில், அவர் கழற்றி வைத்திருந்த பொந்தின் வாய்ப்பலகை சத்தமில்லாமல் வந்து பொருந்தியது.

பாதத்தால் தள்ளினார். அசையவில்லை. முழங்காலை மடக்கி உதைக்க இடமில்லை. புரண்டு படுக்கவும் இடமில்லை. "மச்சான்! வந்துட்டியா? பலகையைத் தூக்குடா!" இருந்த காற்று அவர் வாய்க்கும் பலகைக்கும் நடுவில் சூடாகிக்கொண்டே வந்தது.

பிறகு குழாயில் தட்டும் சத்தம்.

டக். டக். டக்.

இடுக்குக்குள்ளிருந்துதான். கை தானாகத் திருப்புளியை எடுத்துக் குழாயில் வைத்தது. இத்தனை வருஷப் பழக்கம். காதை அழுத்தினார்.

வறண்ட தொண்டை எச்சிலை விழுங்கப் பார்க்கும் சத்தம். விழுங்க எச்சில் இல்லை.

அதோடு அவருடைய தொண்டையும் காய ஆரம்பித்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உதடு வெடித்து ரத்தம் கசிந்தது, அதுவும் உடனே உலர்ந்தது. நாலடி தள்ளி ஒரு தொட்டி தண்ணீர் இருக்கிறது. எட்டாது. இப்படித்தான் இங்கே ஒருவர் கிடந்திருக்க வேண்டும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எத்தனை நாளோ, யார் போட்டு மூடினார்களோ. அழுகை வந்தது, கண்ணீர் வரவில்லை.

வெளியே மச்சானின் காலடி கேட்டது.

"மாமா, உள்ளயா இருக்கீங்க?"

கத்த வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. அவருக்குப் பக்கத்தில், இருட்டிலிருந்து, அவருடைய குரலே சொன்னது:

"வேலை நடக்குது. நீ போ."

காலடி நகர்ந்து போயிற்று.

அதற்குமேல் அவர் யோசிக்கவில்லை. வால்வைப் பிடித்துத் திருப்பினார். பம்ப் ஓடத் தொடங்கியது. பதினொன்றில் நிற்கவில்லை. நூறில் நிற்கவில்லை. அறுநூறு வரை எண்ணினார். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் குழாயின் வாய் திறந்திருந்தும் ஒரு சொட்டுகூடத் தெறிக்கவில்லை. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் மட்டும்.

பலகை தளர்ந்தது.

தவழ்ந்து வெளியே வருவதற்கு முன் அவர் ஒரு காரியம் செய்தார். இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, கைப்பிடியைத் திறந்த நிலையிலேயே கட்டினார். நாலாவது கட்டு.

மேல்தளத்தில் மச்சான் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். "என்ன மாமா இது கோலம்? உதடெல்லாம் வெடிச்சிருக்கு!"

"இந்தப் படகு வேணாம் மச்சான். வித்துடு."

"வீட்டுச் சாவியை இப்பதானே குடுத்துட்டு வர்றேன். விளையாடாதீங்க."

நடந்ததைச் சொன்னார். அவன் முதலில் சிரித்தான், அப்புறம் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். "சரி, சரி. தொட மாட்டேன். தினம் ரெண்டு வாளிதானே, போகட்டும்," என்றான். அவன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அவர் இறங்கினார்.

பத்து நாள் கழித்து மச்சானின் பெண்டாட்டி போனில் கூப்பிட்டாள். குரலில் சந்தோஷம்.

"அண்ணா, பம்ப் தன்னால ஓடறது நின்னே போச்சு! நேத்து அவரே உள்ள போய் அந்த பெல்ட்டை அறுத்துட்டு மூடிட்டாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு, எனக்குத்தான் மனசு கேக்கல."

காதுக்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "அவன் எங்கம்மா? வெளிய வந்துட்டானா?"

"வந்துட்டாரே. ரொம்ப நேரம் ஆச்சு, ஆனா வந்துட்டாரு. இங்கதான், குழாய்கிட்ட நிக்கறாரு. நேத்துலேர்ந்து தண்ணி குடிச்சுட்டே இருக்காரு அண்ணா. வெயில்ல உழைச்ச களைப்பு போல." குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "ஆனா எவ்வளவு குடிச்சாலும் உதடு காஞ்சேதான் கிடக்கு."

"போனை அவன்கிட்ட குடு."

போன் கை மாறியது. பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. அவர் எண்ண வேண்டாம் என்று நினைத்தார், எண்ணினார். பதினொன்றில் நின்றது. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம்.

பிறகு பம்ப் மறுபடி ஓடத் தொடங்கியது.