உப்புப் பார்த்த உதடு

உப்புப் பார்த்துவிட்டுக் கரண்டியை வைத்த கொஞ்ச நேரத்தில் இருதயம்மாளின் கீழுதடு அவளுடையதாக இல்லை. விரலால் தொட்டால் வேறு யாருடைய உதட்டையோ தொடுவதுபோல் இருந்தது.

சூரியநெல்லியில் மழை விட்டபாடில்லை. தேயிலைச் சரிவை விழுங்கிய மூடுபனி தொழிலாளர் லயத்து வீட்டு வாசல்வரை வந்து நின்றிருந்தது. தகரக் கூரையின் இரைச்சலில், பக்கத்து வீட்டுக் குழந்தையின் அழுகை எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் கேட்டது. காலையில் ஜீப்பில் வந்த மீன்காரன் ஜோமோன், தலையும் தோலும் எடுத்த மீனைத்தான் கொடுத்தான். பேர் கேட்டதற்கு, "முள்ளில்லாத்த மீனு சேச்சி, பேரு எந்தினா?" என்று சிரித்தான். சினையைத் தனியே இலையில் பொதிந்து இனாமாகத் தந்தான். சினை வீட்டு ஆம்பளைக்கு. அவள் அம்மா வீட்டிலும் அதுதான் வழக்கம்.

"உதடு மரத்துப் போச்சுங்க."

புருஷன் அமிர்தநாதன் சினையைச் சோற்றில் பிசைந்தபடி சிரித்தார். "நல்லதாப் போச்சுட்டி. கொஞ்ச நேரமாவது வீடு அமைதியாக் கெடக்கும்."

அவள் வெறும் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டாள். கை கழுவி வருவதற்குள் அவர் கையிலிருந்த தம்ளர் நழுவியது. நாக்குக் குழறியது. பிறகு பேச்சே இல்லை. மீன்காரன் போன பிறகு மண் சரிந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலை அடைபட்டுக் கிடந்தது. எஸ்டேட் கம்பவுண்டர் வந்து நாடியைத் தேடினார், மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார், தலையை அசைத்தார்.

மறுநாள் மதியம், சவப்பெட்டியை மூடுமுன், கடைசி முத்தத்துக்கு அவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். சாம்பிராணிப் புகை. ஈரக் கம்பளி நாற்றம். குனிந்து அவர் நெற்றியில் உதட்டை வைத்தாள். சூடா, குளிரா? தெரியவில்லை. மரத்த உதட்டுக்கு நெற்றியும் பலகையும் ஒன்றுதான். நிமிர்ந்தபோது அவருடைய கண்ணோரத்திலிருந்து ஒரு துளி காதுப்பக்கம் இறங்கியது.

சொல்ல வாயெடுத்தாள். முனகல்தான் வந்தது.

"கூரை ஒழுகுது மதினி," என்று கொழுந்தன் ஷிஜு துண்டால் அதைத் துடைத்தான்.

மூடினார்கள். மழையிலேயே கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

கோட்டயத்தில் நர்சிங் படிக்கும் மகள் ஜிஸ்மி, சரிந்த மண்ணில் ஏறி நடந்து, பொழுது சாயும்போதுதான் வந்து சேர்ந்தாள். அழுது முடித்து, காப்பி போட்டு அம்மா கையில் கொடுத்தாள். ஒரு வாய் குடித்த இருதயம்மாள் துடித்தாள். உதடு சுட்டது.

"இப்பத்தான் உணர்ச்சி வருது. மீன்கொழம்பு தின்னதுலேருந்து மரத்தே கெடந்துச்சு."

"என்ன மீனும்மா?"

சொன்னாள். ஜிஸ்மியின் முகம் வெளுத்தது.

"பேத்தை மீனா இருக்கும்மா. சினையிலதான் விஷம் அதிகம். நரம்புல சோடியம் நுழையுற வாசலை அடைச்சிரும். கை கால் அசையாது. மூச்சுகூட வெளிய தெரியாமப் போயிரும். ஆனா..."

"ஆனா?"

"மூளையைத் தொடாது. எல்லாம் கேட்டுக்கிட்டே கெடப்பாங்க."

"பெறவு?"

"விஷம் எறங்குனா, மெதுவா..." ஜிஸ்மி அம்மாவின் உதட்டைப் பார்த்தாள். "சித்தப்பா! மம்பட்டி!" என்று கத்திக்கொண்டு மழைக்குள் ஓடினாள்.

இருதயம்மாளால் ஓட முடியவில்லை. சுவரைப் பிடித்து நகர்ந்தாள். பெட்டி வைத்திருந்த இடம். தலைமாடு. டார்ச்சை மேலே அடித்தாள்.

துருவேறிய தகரம். மூலையிலிருந்து தொங்கிய ஒட்டடை. அதில் தூசி.

காய்ந்த தூசி.