ஒரு கை பாவித்த சிவப்புக் கார்

லிங்கநகரில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க எங்களுக்குக் கஷ்டம் இருக்கவில்லை. அந்த ஒழுங்கையில் ஆள் குடியிருந்த வீடு அது ஒன்றுதான். மற்ற வீடுகளில் கதவுகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

1992 ஆடி மாதம். காலை பத்து மணி இருக்கும். பக்கீர் நானா என் மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து இறங்கி, வாயில் கிடந்த கராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். அவர் வாயில் எந்நேரமும் ஒரு கராம்பு கிடக்கும். பல்வலிக்குத் தொடங்கியது, பல்லைப் பிடுங்கிய பிறகும் நிற்கவில்லை.

நாங்கள் இருவரும் பாலையூற்றில் கராஜ் வைத்திருந்தோம். எஞ்சின் அவருடைய வேலை. தகரமும் பெயின்றும் என்னுடையது. அதற்கு முன்பு நான் துறைமுகத்தில் மாமூட்டை சுமந்தவன். என் அப்பாவும் அங்கேயே சுமந்து, கூன் விழுந்து, அந்தக் கூனோடு செத்தவர். பேய்க்குப் பயப்பட எங்கள் வீட்டில் யாருக்கும் நேரம் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"குலசிங்கம், நான் சொல்றன் கேளுங்க," என்றார் நானா. "புதுக் காரை விடப் பாவிச்ச கார்தான் பெறுமதி. புதுசுட குணம் ஒருத்தருக்கும் தெரியாது. பாவிச்சது எங்க இருமும், எங்க நொண்டும் எண்டு எல்லாத்தையும் காட்டி முடிச்சிரிக்கும்."

"கலியாணத்துக்கும் இதே கதையா நானா?"

"மைமூனாட்ட போய்ச் சொல்லிராதீங்க. கராம்புக்குப் பதிலா மிளகாய வச்சிருவா."

பூரணி அக்கா வந்து கதவைத் திறந்தார். நாற்பது வயது இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. அவருடைய கணவர் ஞானசேகரத்தை எனக்குத் தெரியும். என்னைத்தான் அவருக்குத் தெரியாது. துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ராக இருந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்திலிருந்து புதிதாக இறக்கினார். மேற்கூரையை மடித்துவிட்டு அவர் வரும்போது, பெட்டிக்குள் கொக்கு நிற்பதுபோல் இருக்கும். மூட்டையோடு நின்று நாங்கள் சிரித்திருக்கிறோம். தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் சண்டை திரும்பத் தொடங்கிய கிழமை, நிலாவெளிப் பக்கம் போனவர் வரவில்லை. கார் மட்டும் வந்தது.

கொட்டிலில் காரை மூடியிருந்த படங்கை இழுத்தபோது பழைய பெற்றோல் மணமும், அதற்கு அடியில் கடல் மணமும் வந்தன. லிங்கநகர் வீட்டுக் கொட்டிலில் கடல் மணம் ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

"கார் நிண்டு நிண்டு செத்துப்போகும் எண்டு அவர் சொல்லுறவர்," என்றார் அக்கா. "எனக்குக் கார் ஓடத் தெரியாது. ஆரும் நல்லா ஓட்டுற ஆளிட்டைக் குடுங்கோ."

நானா ஏறி இருந்தார். கால் பெடலைத் தொடவில்லை. நானா ஐந்தடி. சீற்றை முன்னும் பின்னும் நகர்த்த, கீழே இரும்புச் சட்டத்தில் ஒன்பது பல். சீற் கடைசிப் பல்லில் கிடந்தது. கம்பியைத் தூக்கி, முதல் பல்வரை இழுத்து, முதுகுக்கு ஒரு சாக்கையும் மடித்து வைத்த பிறகுதான் அவருக்குக் கால் எட்டியது.

"இறங்கேக்க திரும்பப் பின்னுக்கு விட்டிடுங்கோ," என்றார் அக்கா. "அவருக்கு முழங்கால் இடிக்கும்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"இன்னொண்டு. மீற்றரைத் திருப்பக்கூடாது. 31846. எனக்குப் பாடம். அவர் வந்து, கார் எவ்வளவு ஓடினது எண்டு கேட்டா, நான் பதில் சொல்ல வேணும்."

"அல்லாஹ்மேல ஆணையா தொடமாட்டம் அக்கா," என்றார் நானா.

அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரம் அதுதான் எண்ணம்.

காரைக் கராஜுக்குக் கட்டி இழுத்து வந்தோம். அன்று பின்னேரம் நானா சீற்றை முன்னுக்கு இழுத்து வைத்து வேலை செய்தார். மறுநாள் காலை சீற் கடைசிப் பல்லில் நின்றது. நான்தான் தள்ளினேன் என்று அவர் நினைத்தார். அவர்தான் தள்ளினார் என்று நான் நினைத்தேன். பின்னால் பார்க்கும் கண்ணாடியும் மேலே திரும்பியிருந்தது. அதற்கும் ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டோம். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் நிலாவெளியிலிருந்து ஸெய்னுதீன் முதலாளி வந்தார். நல்ல மனிதர். மகளுக்குச் சவூதியில் வேலை செய்யும் மாப்பிள்ளை பேசியிருந்தார். மாப்பிள்ளை ஏதோ புத்தகத்தில் படம் பார்த்துவிட்டு, ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும், அதுவும் புதிதாக வேண்டும் என்று நின்றாராம்.

"ரெண்டு ஆமிச் சென்றிக்கு நடுவுல ஓட்டிப்பார்க்கவா?" என்று கேட்டேன்.

"நானும் கேட்டன் தம்பி. கேக்கிறானில்ல. புதுசு இறக்கக் கப்பல் எங்க வருது? இதப் புதுசாக்கித் தாங்க. மீற்றர்ல முட்டை நிக்கணும். பக்கீர், உங்கட மகள் எண்டு நினைச்சுச் செய்யுங்க."

நானாவுக்கு மகள் இல்லை. அந்தச் சொல் அவரைப் பிடித்துவிட்டது.

நான் பழைய பெயின்றைச் சுரண்டி, புதுச் சிவப்பு அடித்தேன். நானா மீற்றரைக் கழற்றி மேசையில் வைத்து, குண்டூசியால் எண் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். எல்லாக் கராஜிலும் செய்கிற வேலைதான். ஐந்து முட்டை வந்தது: 00000. திரும்பப் பூட்டினார். பூட்டும்போது அவர் கராம்பைக் கடிக்கும் சத்தம் கேட்டது.

அன்று ஐந்து மணிக்கு ஊரடங்கு. பற்றறியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போனேன். கராஜ் கதவுக்குச் சங்கிலி போட்டு, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

காலையில் சங்கிலி போட்டபடியே இருந்தது.

மீற்றரில் 00007.

சீற் கடைசிப் பல்லில்.

நான் குந்தி ரயரைப் பார்த்தேன். எங்கள் பாலையூற்று மண் சிவப்பு. ரயரின் வெட்டுகளுக்குள் வெள்ளை மணல் இருந்தது. ஈரமாக.

"மீற்றர்ச் சக்கரம் வழுக்கியிரிக்கும்," என்றார் நானா. முட்டைக்குத் திருப்பினார். அடுத்த நாள் காலையும் ஏழு. மீற்றர் கேபிளையே கழற்றி வைத்தார். அதற்கு அடுத்த நாளும் ஏழு.

மூட்டை சுமந்தவனுக்கு நடையும் திரும்பு நடையும் தெரியும். எவனாவது காரைக் களவாக எடுத்து ஓட்டினால், திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். ஏழு போனால் ஏழு வரவேண்டும். மீற்றர் பதினான்கு காட்டவேண்டும்.

ஏழு மட்டும் என்றால், போனது. வரவில்லை.

நான் லிங்கநகருக்குப் போனேன். பூரணி அக்கா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, காரை எவடத்திலை கண்டெடுத்தவை?"

"நிலாவெளி றோட்டிலை. ஏழாம் மைல் கட்டையடியிலை. கதவு திறந்து கிடந்ததாம், எஞ்சின் நிக்கேல்லையாம்." அவர் விளக்குமாற்றை நிறுத்தினார். "இப்ப மீற்றரிலை எவ்வளவு நிக்குது?"

நான் அவர் கூட்டிய கோடுகளைப் பார்த்தேன்.

"திருப்பிப் போட்டியளோ?"

நான் தலையை ஆட்டினேன்.

"அப்ப அவர் இன்னும் வெளிக்கிடேல்லை எண்டல்லோ ஆகுது," என்றார் மெதுவாக. "இனி ஒவ்வொரு நாளும் வெளிக்கிடுவார்."

நான் கராஜுக்கு வந்தபோது நானா மீற்றரைத் திரும்ப முட்டையாக்கி, கேபிளையும் பூட்டிவிட்டுக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காரைக் கொடுக்க வேண்டிய நாள்.

"நானா, பழைய இலக்கத்தையே போடுவம். முதலாளியிட்ட நான் கதைக்கிறன்."

"கலியாண வீட்டுக்குச் சொல்லியாச்சு தம்பி. இப்ப என்னண்டு மாத்துற?"

"அப்ப நான் காரை ஓடிக்கொண்டு போறன். நீங்கள் பின்னால வாங்கோ."

"நீங்க தகரம் தட்டுற ஆள். இந்தக் கியர் உங்களுக்கு ஏலாது. இடையில நிண்டா ஆர் பாக்கிற?" என் தோளில் தட்டினார். "பாவிச்ச கார் தம்பி. கொஞ்சம் இருமும்."

அவரைக் கட்டிப்போட்டிருக்கலாம். என் கைக்கு அந்தப் பலம் இருந்தது. அதை நினைக்காத நாள் இல்லை.

மறுநாள் பதினொன்றரைக்குப் புறப்பட்டோம். மேற்கூரையை மடித்துவிட்டார். சீற்றை முதல் பல்லுக்கு இழுத்து, சாக்கை முதுகுக்கு வைத்துக்கொண்டார். நான் இருநூறு யார் தூரம் பின்னால் மோட்டார் சைக்கிளில். உச்சி வெயில். தார் இளகிக் கிடந்தது. பின்னாலிருந்து பார்த்தால் சீற்றுக்கு மேலே அவருடைய வெள்ளைத் தொப்பியின் விளிம்பு மட்டும் தெரியும். சென்றியில் அடையாள அட்டை காட்டினார். துவக்கோடு நின்ற பெடியன் காரைப் பார்த்துச் சிரித்தான். நானாவும் ஏதோ சொல்லிச் சிரித்தார். அதுதான் நான் கேட்ட அவருடைய கடைசிச் சத்தம்.

பிறகு றோட்டில் ஒருவரும் இல்லை. இடது பக்கம் பனைகள். வலது பக்கம், மரங்களுக்கு அப்பால், கடல். காற்று நின்றது. பனை ஓலைகூட உரசவில்லை.

நான் தொப்பியையே பார்த்துக்கொண்டு போனேன்.

பனைகளுக்குள்ளிருந்து ஒரு மாட்டு வண்டில் குறுக்கே வந்தது. விலகினேன். திரும்பப் பார்த்தேன்.

தொப்பி இல்லை.

சீற்றுக்கு மேலே ஒரு முழுத் தலை இருந்தது. தலைமயிர். கழுத்து. இரண்டு தோள்.

பெட்டிக்குள் கொக்குப்போல.

ஒரு நீளமான கை வெளியே வந்து கதவின்மேல் ஆறுதலாகப் படுத்தது. கார் வளைவில் திரும்பி மறைந்தது.

நான் கத்தினேனா என்று தெரியாது. முறுக்கிக்கொண்டு போனேன். வளைவு தாண்டியதும் கார் நின்றது. பக்கத்தில் கல்லில் ஏழு என்று வெட்டியிருந்தது. கதவு திறந்து கிடந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

சீற் கடைசிப் பல்லில்.

பாலையூற்றிலிருந்து அந்தக் கல்லுக்கு எட்டு மைலுக்குக் குறையாது. மீற்றரில் ஏழு நின்றது. அது ஞானசேகரம் புறப்பட்ட லிங்கநகர் வாசலிலிருந்து வரும் கணக்கு.

கதவடியிலிருந்து மணலில் நானாவின் செருப்பு அடிகள் போயின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

ஐந்தாவது இல்லை.

ஊர்ச் சனங்கள் இரண்டு நாள் தேடினார்கள். முதலாளி ஆள் விட்டுத் தேடினார். அவர் மூன்று நாள் அழுதார். காரைத் தொடமாட்டேன் என்றார்; அதைத் திரும்பக் கராஜுக்கே இழுப்பித்து வந்தேன். காணாமல் போனவர்களைப் பதியும் அலுவலகத்தில் பெயர் எழுதினார்கள். ஆமியா, இயக்கமா, எந்தப் பக்கம் பிடித்தது என்று கேட்டார்கள். நான் கண்டதைச் சொல்லவில்லை. சொன்னால் எழுத அங்கே கட்டம் இல்லை.

நானாவின் மனைவி மைமூனா கராஜுக்கு ஒரே ஒரு தடவை வந்தார். முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தேய்ந்த குரலில் கேட்டார்.

"அவர் மௌத்தா, உசிரோட இரிக்காரா எண்டு மட்டும் சொல்லுங்க தம்பி. நான் விதவையா இத்தா இருக்கிறதா, இல்லாட்டி சோறாக்கி வச்சுப் பாத்துக்கொண்டிருக்கிறதா?"

அவருக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டேன்.

அன்றே மீற்றரைக் கழற்றினேன். என் விரல்கள் தடித்தவை. ஒரு பகல் முழுவதும் குண்டூசியோடு மல்லுக்கட்டி 31846 வரவைத்தேன். கேபிளை வெட்டி எறிந்தேன். பற்றறியை விற்றேன். நான்கு ரயரையும் கழற்றிக் காரைக் கல்லில் ஏற்றினேன். பூரணி அக்காவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் இலக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். படங்கை இழுத்து மூடிவிட்டுப் போனார்.

நாற்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. முடிந்தது என்று நினைத்தேன்.

நாற்பத்தோராம் நாள் ஒருவர் லொறி வேலைக்கு வந்து, மூலையில் கிடந்த காரைக் கண்டு கேட்டார்.

"இப்பிடி ஒண்டு புதுசா எடுத்தா நல்லதோ அண்ணை, பாவிச்சது நல்லதோ?"

"புதுசுதான் பெறுமதி," என்றேன்.

"ஏன்?"

"அதுக்குள்ள ஒருத்தரும் இருக்கமாட்டினம்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே படங்கைத் தூக்கிப் பார்த்தார். மணம் வந்தது.

கடல் மணம் இல்லை.

கராம்பு.

நான் கிட்டப் போனேன். கல்லில் நின்ற கார். ரயர் இல்லை, பற்றறி இல்லை. மீற்றரில் ஏழு கூடி 31853.

ஓட்டுபவரின் வலது பக்கச் சீற் முதல் பல்லுக்கு இழுத்துக் கிடந்தது. முதுகுக்கு ஒரு சாக்கு மடித்து வைத்திருந்தது.

இடது பக்கச் சீற் கடைசிப் பல்லில் நின்றது. நீளமான காலுள்ள யாரோ வசதியாக இருக்கும்படி.