தேடும் இடம்

தான் எழுதாத ஒரு வரி அந்த ஃபைலில் இருப்பதைச் சிந்தியா மாலை விளக்குப் போட்ட பிறகுதான் கவனித்தாள்.

குளச்சலில், மாடி வீட்டின் முன்னறை. காலையிலிருந்து விடாமல் பெய்த மழையில் சுவர்கள் ஊறியிருந்தன. ஈரச் சுண்ணாம்பின் வாடையும், கீழ்வீட்டில் காயாமல் கிடந்த கருவாட்டின் வாடையும் கலந்து ஜன்னல் இடுக்கு வழியே மெல்ல மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தன. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். கடலில் இருப்பவர்களுக்காக அங்கே ஜெபமாலை. சிந்தியாவின் தம்பி அஜினும் கடலில்தான் இருந்தான்.

படகுகளுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் செயலியை அவளும் நாகர்கோவிலில் இருக்கும் ரதீஷும் சேர்ந்து உருவாக்கியிருந்தார்கள். ஒரே புரோகிராம் கரையில் செல்போனிலும் ஓட வேண்டும், சிக்னல் எட்டாத கடலில் படகில் பொருத்திய கருவியிலும் ஓட வேண்டும். கருவியில் ஒரு பிழை. எச்சரிக்கை போய்ச் சேர்ந்தாலும் அங்கே மணி அடிக்கவில்லை. அதைத் திருத்திவிட்டாள். இனி கருவிக்கென்று மறுபடி பில்ட் செய்து, அதாவது எல்லாப் பாகங்களையும் ஒன்றாகக் கோத்து, அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. பில்ட்டுக்கு வேண்டிய பாகங்களை எங்கெங்கே தேடுவது என்று கணினிக்குச் சொல்லும் வேரியபிள்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருந்தன. அவற்றின் அடியில்தான் அந்த வரி.

தேடும் இடம்: துறைமுகம்.

ரதீஷைக் கூப்பிட்டாள்.

"ஏலே, பில்ட் ஃபைல்ல நீ வல்லதும் எழுதுனியா?"

"நான் ஒண்ணும் தொடல்ல மக்கா. என்னவாக்கும்?"

"துறைமுகம்னு ஒரு இடம் கெடக்கு."

"அழிச்சிட்டு ஓட்டு. இங்க கரண்டு போயாச்சு, லேப்டாப்பும் செத்துப்போச்சு. நீதான் முடிக்கணும்."

அழித்துவிட்டு ஓட்டினாள். கொஞ்ச தூரம் ஓடிய பில்ட், ஏதோ ஒரு பாகத்தைக் காணவில்லை என்று நின்றது. கடைசியில், தேடியது கிடைக்கவில்லை என்று தனியாக ஒரு வரி. பாகத்தின் பாதையைச் சரிசெய்ய ஃபைலைத் திறந்தாள். அழித்த இடத்தில் புதிதாக ஒன்று இருந்தது.

தேடும் இடம்: கடற்கரை ரோடு.

கடல் பக்கமிருந்து நாய்களின் குரைப்பு மழையைக் கிழித்துக்கொண்டு எழுந்தது. ஒன்று தொடங்க, அடுத்தது வாங்கிக்கொள்ள, ரோடு நெடுக நகர்ந்து வந்து, அப்படியே ஒரே நேரத்தில் அடங்கியது.

அழித்தாள். ஓட்டினாள். இன்னொரு பிழை. கிடைக்கவில்லை.

தேடும் இடம்: முடுக்கு.

அவள் வீட்டுக்கு வரும் குறுகலான முடுக்கில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. அதில் யாரோ நடந்து வந்தார்கள். காலைத் தூக்கி வைக்காத நடை. தண்ணீரை இழுத்துக்கொண்டே வரும் நடை. கருவாட்டு வாடையை அமுக்கிக்கொண்டு வேறொரு வாடை ஏறியது, வலையோடு மேலே வரும் ஆழ்கடல் சேற்றின் வாடை.

லேப்டாப்பை அறைந்து மூடினாள்.

நடை நின்றது. மழை மட்டும் பெய்தது.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஓட்டினால் வருகிறது. ஓட்டாவிட்டால் நின்றுவிடும். மூடிய லேப்டாப்பின் மேல் இரண்டு கைகளையும் அழுத்தியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

போன் அடித்தது. அம்மா.

"மோளே, காத்து திரும்பிப்போச்சுன்னு சொல்லுதாவ. பிள்ளையளுக்குச் சொல்லியாச்சா?"

சிந்தியா மூடிய லேப்டாப்பைப் பார்த்தாள்.

"அஜினுக்க போன் எடுக்கல்ல மோளே."

"இப்பம் போவும்மா," என்றாள்.

எழுந்து கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். லேப்டாப்பைத் திறந்தாள்.

தேடும் இடம்: மாடிப்படி.

இந்த முறை அழிக்கவில்லை. அழிப்பதில் பயனில்லை. ஓட்டினாள். படியில் ஈரத்துணி விழுவது போல ஒரு சத்தம். மறுபடி. மறுபடி. கதவுக்கு வெளியே வந்து நின்றது. மூச்சுச் சத்தம் இல்லை. சொட்டும் சத்தம் மட்டும்.

திரையில் கடைசிப் பிழை. சின்னது. ஒரு எழுத்து. திருத்தினாள்.

தேடும் இடம்: உள்ளே.

விரல் விசையின் மேல் நின்றது. தாழ்ப்பாளைப் பார்த்தாள். அஜினை நினைத்தாள். கண்களை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

பில்ட் ஓடியது. முடிந்தது. புது புரோகிராம் படகுகளுக்குப் போனது, பின்னாலேயே எச்சரிக்கையும். கொஞ்ச நேரத்தில் படகுகளின் பதில் ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்தது. எச்சரிக்கை கேட்டது. திரும்புகிறோம். அவற்றின் நடுவே அஜினின் படகு. "ஏசுவே," என்று வாய்விட்டு அழுதாள்.

பதில்களுக்குக் கீழே இன்னொரு வரி வந்தது.

தேடியது கிடைத்தது.

கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. வெளியே சொட்டும் சத்தம் இல்லை.

பாதங்களில் குளிர் பட்டது. தரையில் தண்ணீர் நின்றது. சட்டென்று இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கினாள்.

மேசைக்கடியிலிருந்து நீரில் ஊறி வெளுத்த இரண்டு கைகள் நீண்டு, அவள் கணுக்கால்களைப் பிடித்து, தூங்கும் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல அவ்வளவு மெதுவாக, அந்தக் கால்களை மறுபடி தண்ணீரில் இறக்கி வைத்தன.